இரண்டு பேர் வண்டியும் சந்தனப் பட்டையும்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இரண்டே இரண்டு ஆசைகள்தான் இருந்தன. ஒன்று, தொப்பை விழாமல் இருக்க வேண்டும். மற்றொன்று, கூரையைத் திறந்து விட்டுக்கொண்டு போகிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்ட வேண்டும். முதல் ஆசை பரோட்டாக் கடைகளில் அடிபட்டுப் போனது. இரண்டாவது ஆசை நிறைவேறியது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் வந்துவிட்டது. ஓடத்தான் இல்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற வழியில் அப்பா ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். ஷெட்டுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. ஜீப்பும் டிராக்டரும் வாடகைக் காரும்தான் அங்கே வரும். மாமா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை நடத்தினார். கொடைக்கானலில் ஒரு பங்களாவைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போன குடும்பம் தங்கள் பழைய காரை யார் தலையில் கட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது மாமாவின் தலை கிடைத்தது. சிவப்பு வண்டி. வெளிநாட்டில் செய்தது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டே பேர் உட்காரலாம். மாமாவுக்கு மனைவியும் இரண்டு பையன்களும் உண்டு என்பதை வாங்கும்போது அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

லாரியில் வந்து இறங்கிய வண்டியை அம்மா சுற்றி வந்து பார்த்தாள். "ஏண்டா, குடும்பஸ்தன் வாங்குற வண்டியா இது? பொண்டாட்டிய ஏத்திட்டீனா புள்ளைகள எங்க வைப்ப, டிக்கியிலயா?" என்று கேட்டாள். மாமா வண்டியின் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டார்ட் செய்தால் வண்டி எடுக்கும். ஆனால் எடுத்த நிமிடத்திலிருந்து மொத்த உடம்பும் குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறும். முன்னால் எங்கிருந்தோ கடகடவென்று ஒரு சத்தம். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு மைல் போவதற்குள் எஞ்சின் பெல்ட் கழன்று விழுந்துவிடும். மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் அது பெரிய வேடிக்கை.

கடைசியில் அப்பா பார்த்தார். அப்பா பார்ப்பது என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அந்த நேரத்தில் ஷெட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. பிறகு கண்ணைத் திறந்து அவர் சொல்வது தீர்ப்பு. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அகரத்திலிருந்தும் சித்தையன்கோட்டையிலிருந்தும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் காதை நம்பித்தான் வந்தார்கள்.

"கிராங்க் போச்சு மாப்ள," என்றார் அப்பா. கிராங்க் என்பது எஞ்சினுக்குள் சுற்றுகிற முக்கியமான தண்டு, அது வளைந்தால் எஞ்சினே போன மாதிரிதான். எஞ்சினுக்கு முன்னால் கீழே பெல்ட்டைச் சுற்றுகிற பெரிய சக்கரம் ஒன்று இருக்கிறது, புல்லி என்பார்கள். அதைக் காட்டினார். "புல்லி எப்பிடி ஆடுது பாரு. அது கிராங்க் நுனியில உக்காந்திருக்கு. கிராங்க் வளையாம புல்லி ஆடாது."

மாமா மதுரையில் கேட்டார், கோயம்புத்தூரில் கேட்டார். அந்த வண்டிக்குக் கிராங்க் எங்கேயும் இல்லை. எஞ்சினை இறக்கியாவது பார்ப்போம் என்று அப்பா முன்னாலிருந்த ரேடியேட்டரை மட்டும் கழற்றி வைத்தார். அத்தோடு மாமாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் காயலான் கடைக்காரர் லாரியோடு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சானது. அன்று எங்கள் வீட்டில் மாமா இரண்டு பரோட்டாவோடு கை கழுவிவிட்டார். அதைப் பார்த்துத்தான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

ஆயுத பூசை வந்தது. ஷெட்டைக் கழுவிவிட்டு, ஸ்பேனர் முதல் ஜாக்கி வரை எல்லாவற்றையும் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் பரப்பி வைப்போம். என் புத்தகங்களும் அங்கேதான் போய்விடும், அந்த ஒரு நாள் படிக்கக் கூடாது என்பதால் அது எனக்குப் பிடித்த பண்டிகை. சந்தனமும் குங்குமமும் வைப்பது அம்மாவின் வேலை. அந்த வருடம் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. விட்டுப்போன சாமான் வருடம் முழுக்கக் கோபித்துக்கொண்டு உழைக்காது என்று சொன்னாள். நான் ஒன்றையும் விடவில்லை. சுத்தியலுக்கு வைத்தேன், காற்றடிக்கிற மெஷினுக்கு வைத்தேன், சுவர்க் கடிகாரத்துக்கு வைத்தேன், கடன் கேட்க வந்து உட்கார்ந்திருந்த பக்கத்துக் கடைக்காரரின் சைக்கிளுக்கும் வைத்தேன்.

கடைசியாக மாமா காருக்கு வந்தேன். நாளைக்குக் காலையில் உடைபடப் போகிற வண்டி. அதற்கு வெறும் பொட்டு வைத்தால் போதாது என்று தோன்றியது. பானெட் திறந்துதான் கிடந்தது. ரேடியேட்டர் இல்லாததால் முன்னால் பெரிய இடைவெளி. அதற்குள் தலையை விட்டுக் குனிந்தால் நேரெதிரே அந்தப் புல்லி, அகலமான நெற்றி மாதிரி. மூன்று விரலையும் கெட்டிச் சந்தனத்தில் தோய்த்து, சிவன் கோயில் குருக்களுக்கு இருப்பதுபோல, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பாகப் பட்டை போட்டேன். நடுவிலிருந்த போல்ட்டில் ஒரு குங்குமப் பொட்டு. வண்டி எவ்வளவோ லட்சணமாகிவிட்டது.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்து நசுக்கினார்கள். மாமா மட்டும் ஒதுங்கி நின்று பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அதுவும் பூச போட்ட வண்டிதான? எலுமிச்ச மேல ஏத்தாம விடக் கூடாது," என்றாள். ரேடியேட்டர் இல்லாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பூசை விஷயத்தில் எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் அப்பா இல்லை. அரை நிமிடம்தானே என்று மாமா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி வழக்கம்போல உதறிக்கொண்டு ஒரு முழம் முன்னால் வந்தது, நான்கு பழங்களும் நசுங்கின, அணைத்துவிட்டார்.

அதன் பிறகு அம்மா பொரித் தட்டோடு அந்தப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். "ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா இம்புட்டுக் கோணலாவா பட்ட போடுவ? இங்கிட்டு ஒண்ணு இழுத்திருக்க, அங்கிட்டு ஒண்ணு இழுத்திருக்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பட்டை கோணலாகத்தான் இருந்தது. ஆனால் நான் போட்ட பட்டை அப்படி இல்லை. நேராகத்தான் போட்டேன் என்றேன். பொய் சொல்லாதே என்றாள் அம்மா. என் கையெழுத்து கொஞ்சம் கோணல்தான், அதற்காக நான் கோணாமல் செய்கிற காரியத்தையும் நம்பமாட்டேன் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? காலையில் மாமாவின் வண்டி போகிற துக்கமும் சேர்ந்துகொண்டது. ஷெட்டே அதிரும்படி அழுதேன்.

அப்பா வந்தார். "சுத்துற சக்கரத்துல போட்ட பட்ட சாயத்தான செய்யும், இதுக்கா அழுகுற?" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. செத்த நேரம் கழித்துத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஆத்தா, நெசத்தச் சொல்லு. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்தியா?"

"ஒரே இழுப்புப்பா."

"நடுவுல கைய எடுக்கலையே?"

"எடுக்கவே இல்ல."

ஒரு பெரிய மனிதர் என்னிடம் அவ்வளவு மரியாதையாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகை நின்றுவிட்டது. சக்கரம் சுற்றி நின்றால் பட்டை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்று அப்பா விரலால் காட்டினார். இங்கே நடுவில் இருந்த பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, விளிம்பில் இருந்த பட்டை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று, பிள்ளை பொய் சொல்கிறது. இல்லையென்றால், புல்லி பொய் சொல்கிறது.

"சாக்பீஸ எடுத்துட்டு வா," என்றார். இன்னொரு கோடு போட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் சாக்பீஸ் என் பென்சில் டப்பாவோடு சரஸ்வதிக்கு முன்னால் இருந்தது. மறுநாள் காலை பூசை முடியும் வரை அதைத் தொடக் கூடாது என்று அம்மா வழிமறித்தாள். கரித்துண்டால் போடலாமா என்று மாமா கேட்டார். எதால் எழுதினாலும் எழுத்துதான் என்று சொல்லிவிட்டாள். ஸ்பேனரைத் தொட்டுக் கழற்றிப் பார்ப்பது பற்றிப் பேசவே வேண்டாம். மறுநாள் காலையிலோ லாரி வந்துவிடும். லாரிக்குக் கீழே படுத்து வேலை பார்க்க அஞ்சாத மனிதர், மனைவி போட்ட சட்டத்துக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வழி மாமாவுக்குத்தான் தோன்றியது. "அக்கா, அந்தச் சந்தனத்தாலயே மறுபடியும் போட்ருவோம். சந்தனத்தச் சாமி வேணாம்னா சொல்லும்?"

அம்மா யோசித்தாள். சந்தனம் ஆயுதமும் இல்லை, எழுதுகோலும் இல்லை. வண்டியை ஓட்டலாமா என்று கேட்டதற்கு, "ஓட்டலாம். பிரிக்கத்தான் கூடாது," என்றாள். என் கைமேல் நம்பிக்கை இல்லாமல் தானே பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பட்டை போட்டாள். கோலம் போட்டுப் பழகிய கை, அதைக் கோணல் என்று சொல்ல ஆள் கிடையாது. காய்வதற்காகக் காத்திருந்த நேரத்தில் நாங்கள் நால்வரும் அந்த வண்டியைச் சுற்றி உட்கார்ந்து பொரியும் கடலையும் தின்று தீர்த்தோம். மாமா மறுபடியும் நன்றாகத் தின்ன ஆரம்பித்திருந்தார்.

சாவியைத் திருப்பினார்கள். உதறல், கடகடப்பு, அரை நிமிடம். அணைத்ததும் நான்கு தலைகளும் அந்த இடைவெளிக்குள் போய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அம்மா போட்ட பட்டையும் இரண்டாக முறிந்து நின்றது. "நான்தான் சொன்னேன்ல!" என்று கத்தினேன். அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அதைவிட நேரடியாக அவள் யாரிடமும் தோல்வியை ஒப்புக்கொண்டதில்லை.

அப்பா கட்டை விரலால் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து அசைத்தார். பிறகு நகத்தால் அதன் முகத்திலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார். உள்ளே மெல்லிய கறுப்பு வட்டம் தெரிந்தது. ரப்பர். வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி வெடித்திருந்தது. "இது ஒரு சாமான் இல்ல மாப்ள, ரெண்டு," என்றார். நடுவில் ஓர் இரும்பு, சுற்றிலும் ஓர் இரும்பு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இடையில் ரப்பர். எஞ்சினின் அதிர்வை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். அது செத்துப்போனதால் வெளி வளையம் தன்னிஷ்டத்துக்கு ஆடுகிறது, பெல்ட்டைத் தள்ளிவிடுகிறது. அவர் அதுவரை கழற்றிப் பார்த்த புல்லிகளெல்லாம் ஒரே வார்ப்பாக இருந்தவை. "கிராங்க் மேல தப்பே இல்ல. நல்லாத்தான் இருக்கு."

மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா மீதிப் பொரியையும் கொண்டுவந்து கொட்டினாள். அப்பா மட்டும் சாமி படத்துக்கு முன்னால், தொட முடியாத ஸ்பேனர்களைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டதற்கு ம் என்றார், வரவில்லை. உடனே கழற்ற முடியவில்லையே என்ற எரிச்சல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வந்த காயலான் கடைக்காரரை மாமா ஒரு பை நிறையப் பொரியும் வெல்லமும் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் செலவழித்து, எந்த நாட்டுக் கடைக்காரருக்கோ எழுதினார். நாற்பது நாளில் பார்சல் வந்தது. பழையதை இழுத்துக் கழற்ற ஒரு புல்லர் வேண்டியிருந்தது, அளவு சொல்லி பேகம்பூர் லேத் பட்டறை பாயிடம் செய்து வாங்கினார் அப்பா. நடுப் போல்ட் லேசில் அசையவில்லை. எஞ்சின் சுற்றாமல் இருக்கக் கியரைப் போட்டு, பிரேக்கை மிதிக்க அம்மாவை உள்ளே உட்காரவைத்தார்கள். ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி மாமா அதன்மேல் தொங்கினார். போல்ட் ஒரு முனகலோடு இளகியது. தொப்பை ஒருநாள் உதவும் என்று தனக்கு முன்பே தெரியும் என்றார் மாமா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, வேலை முடிந்த பிறகும் இறங்க மனமில்லாமல் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பழைய புல்லி கையோடு வந்தபோது இரண்டு துண்டாகவே வந்தது. புதியது உள்ளே ஏற மறுத்தது. கொஞ்சம் சூடு காட்டினால் இளகி ஏறும் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். அடுப்பில் நேரடியாகக் காட்டினால் ரப்பர் கெட்டுவிடும் என்பதால் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு வாயகன்ற பாத்திரம் வீட்டில் இட்லிக் குண்டான் ஒன்றுதான். அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டு இட்லியில் ரப்பர் வாசனை அடித்தது, யாரும் குறை சொல்லவில்லை. ரேடியேட்டரையும் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது வண்டி உறுமியதே தவிர உதறவில்லை. மாமா ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து எஞ்சின்மேல் வைத்துக் காட்டினார். தண்ணீரில் சுருக்கம் விழுந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அன்று சாயங்காலம் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து வத்தலக்குண்டு ரோட்டில் போனவள் நான்தான். தலைமுடியெல்லாம் பறந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையில் அவர் என்னை வெளியே கூட்டிப்போவது வழக்கமில்லை. பழைய புல்லியின் இரண்டு துண்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு என் மடியில் வைத்தார். கனமாக இருந்தது. மோட்டார் சைக்கிளில் தாடிக்கொம்பு வழியாக அகரத்துக்குப் போனோம். ரோட்டோரம் செவ்வந்தி பூத்துக் கிடந்த ஒரு தோட்டத்தில் வண்டியை நிறுத்தினார். பூப் பறித்துக்கொண்டிருந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு இரும்பையும் எடுத்துவைத்தார். என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, "எம் பொண்ணுண்ணே. இவதான் கண்டுபுடிச்சா," என்றார். சந்தனம் வைத்ததிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னார். தன் காது சொன்னது தப்பு என்பதையும் விடாமல் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நம்ம வேன்லயும் இதுதான்னு சொல்றீங்களா?" என்றார்.

"இருக்கலாம்ணே. நான் சரியாப் பாக்கல."

அவர் வளையத்தை வரப்பில் வைத்தார். பிறகு, "அது போயி மூணு வருசமாச்சு. நீங்க வந்து சொன்னீங்கள்ல, விடுங்க," என்று எழுந்து, காலியான எங்கள் துணிப்பை நிறையச் செவ்வந்திப் பூவைப் போட்டு என்னிடம் கொடுத்தார். வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி எங்களை வாங்க என்று சொல்லவில்லை.

பழைய ஜப்பான் எஞ்சின் போட்ட வேன் ஒன்றை அவர் வைத்திருந்ததும், உதறல் என்று அப்பாவிடம் கொண்டுவந்ததும், ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து அப்பா கிராங்க் போச்சு என்றதும், அந்த ஒரு சொல்லை நம்பி வேனைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அவர் பூக்கூடைகளோடு தினமும் விடியற்காலை டவுன் பஸ்ஸில் ஏறத் தொடங்கியதும், எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான் அப்பா அவ்வளவு தூரம் வந்தார் என்று நினைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, "அடுத்து யாரு வீட்டுக்குப்பா போறோம்?" என்று கேட்டேன்.